கடல் கடந்த கொடிமுந்திரி
(ரஞ்சன்காவ் தமிழ்க் குடும்பங்களின் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு பழைய குடும்பத் தோட்டம், தான் இழந்துவிட்ட செந்நிறத் தேறலின் பழங்கலவையை மீட்டெடுத்த வரலாற்றைப் பேச வந்திருக்கிறேன். ஆண்டு விழா மேடையில் மதுவைப் பற்றிய பேச்சா என்று தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா. கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். அந்த அறத்திற்கு மாறாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். கிண்ணத்தை விட்டுவிட்டுக் கொடியைப் பார்ப்போம். வேர் பெயர்ந்த ஒரு கொடி எங்கே போயிற்று, எப்படிப் பிழைத்தது, எவ்வாறு திரும்பிற்று என்பது ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு மிகவும் வேண்டிய செய்தி.

கொடிமுந்திரித் தேறல் தமிழர்க்குப் புதிய பொருளன்று. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 56ஆம் பாட்டிலே அதைக் காணலாம். புலவர் வாக்கிற்கு மண்ணும் சான்று கூறியது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளது உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. நம் ரஞ்சன்காவ் வழியே அகில்யாநகர் நோக்கிச் செல்கிறதே நெடுஞ்சாலை, அதிலேயே மேலும் சென்றால் நேவாசா என்னும் ஊர் வரும். ஞானேசுவரர் தம் கீதை உரையை அருளிய ஊர் அது. 1950களில் அங்கே தக்காணக் கல்லூரியின் சங்காலியா நடத்திய அகழ்வாய்விலும் அத்தகைய சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஆக, மேற்கே விளைந்த கொடியின் சாறு தமிழகத்துக்கும் வந்தது. இந்த மராத்திய மண்ணுக்கும் வந்தது. அந்தக் கொடி வளர்ந்த மேலைநாட்டுக்கே இப்போது உங்களை அழைத்துச் செல்கிறேன்.

ஆறு கொடிகளின் கலவை

பிரான்சு நாட்டின் தென்மேற்கிலே போர்டோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்தில் விளையும் செந்நிறத் தேறல் உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழுக்குக் காரணம் ஒற்றைப் பழமன்று, கலவை.

பழனிப் பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். வாழைப்பழம் தனியே இனிக்கும், தேன் தனியே இனிக்கும், சர்க்கரையும் இனிக்கும். ஆயினும் அவை அளவறிந்து கூடும்போது பிறக்கும் சுவை அவற்றுள் எதனிடமும் தனித்து இல்லை. போர்டோக் குடியானவரும் அப்படியே செய்தனர். கேபர்னே சாவிஞான் என்னும் கருந்திராட்சை தேறலுக்கு முதுகெலும்பாயிற்று. மெர்லோ மென்மை தந்தது. கேபர்னே பிராங்க் மணம் கொடுத்தது. மால்பெக்கும் பெத்தி வெர்தோவும் நிறமும் உரமும் சேர்த்தன. ஆறாவதாக நின்றது கார்மெனேர். இலையுதிர் காலத்தில் இதன் இலைகள் செக்கச் சிவந்து நிற்கும். செந்நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது என்பர். ஆழ்ந்த நிறமும், மிளகின் சாயல் கொண்ட நறுமணமும் இதன் பங்கு.

இக்கலவையில் சுவை மட்டுமன்று, உழவனின் முன்னெச்சரிக்கையும் இருந்தது. ஆறு இனங்களும் ஒரே நாளில் பூப்பதில்லை; ஒரே நாளில் பழுப்பதுமில்லை. பனி ஒன்றைக் கெடுத்தாலும் மற்றொன்று பிழைக்கும். மழை ஒன்றை அழுக வைத்தாலும் வேறொன்று காக்கும். மானாவாரி நிலத்தில் சோளத்தோடு துவரையும் அவரையும் கலந்து விதைத்த நம் முன்னோரின் கணக்கும் இதுவே அன்றோ?

போர்டோவின் மார்கோ பகுதியில் பிரான் காந்தெனாக் என்றொரு பழந்தோட்டம் உண்டு. 1833இல் அதை வாங்கியவர் பிரான் பிரபு. தமக்கு உரிமையான வேறொரு புகழ்பெற்ற தோட்டத்தை விற்றுவிட்டு இதை வாங்கினார் என்றால், இந்த மண்ணின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையை அறியலாம். 1855ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்டோத் தோட்டங்களைத் தரம் பிரித்தபோது இது இரண்டாம் வரிசையில் இடம் பெற்றது. 1920களில் லுர்த்தோன் குடும்பத்தின் முன்னோர் கைக்கு வந்த இத்தோட்டம், இன்றும் அக்குடும்பத்தார் பொறுப்பிலேயே இருக்கிறது. நம் கதையின் வீடு இதுதான்.

வேரை அரித்த பூச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் கொடிகளுக்குக் கேடு அடுக்கடுக்காய் வந்தது. 1850களில் சாம்பல் நோய் இலையையும் காயையும் மூடியது. கந்தகத்தூள் தூவி அதை ஒருவாறு அடக்கினர். மூச்சு விடுவதற்குள் அதனினும் கொடியது ஒன்று வந்து சேர்ந்தது. 1860களில் தென்பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டன. 1868இல் மான்பெலியே நகரத்து அறிஞர் பிளான்சோனும் அவர் தோழர்களும் வேரைத் தோண்டிப் பார்த்தபோது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மஞ்சள் நிறப் பூச்சிகள் வேரை மொய்த்திருந்தன. பைலோக்சரா என்று பெயர் பெற்ற அப்பூச்சி, வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு கப்பலேறி வந்த விருந்தாளி.

1875இல் ஏறத்தாழ 840 கோடி லிட்டராக இருந்த பிரான்சின் தேறல் விளைச்சல், 1889இல் ஏறத்தாழ 230 கோடி லிட்டராகச் சுருங்கிற்று. கொடியையே நம்பி வாழ்ந்த ஊர்கள் வறுமையில் மூழ்கின. வாழ வழியற்ற பலர் கடல் கடந்து போனார்கள். தீர்வு கண்டு சொல்பவருக்கு மூன்று இலட்சம் பிராங்கு பரிசு என்று அரசு அறிவித்தது. மண்ணில் மருந்தூற்றினர், வயலில் வெள்ளத்தைத் தேக்கினர். எதுவும் எல்லா இடத்திற்கும் உதவவில்லை.

பூச்சி பிறந்த நாட்டிலேயே மருந்தும் இருந்தது. அமெரிக்கக் காட்டுக் கொடிகளின் வேரை அப்பூச்சி கடித்தாலும் கொடி சாவதில்லை. காலங்காலமாக அதனோடு பழகிய வேர் அது. அந்த வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினால் வேர் தாங்கும், கொடி தன் பழத்தைத் தரும். போர்டோவைச் சேர்ந்த லலிமான் 1869இலேயே அமெரிக்கக் கொடிகளின் தாங்குதிறனை எடுத்துரைத்தார். முதலில் எதிர்ப்பு எழுந்தது. அயல்நாட்டு வேர் எங்கள் தேறலின் சுவையைக் கெடுத்துவிடும் என்று வாதிட்டனர். பசி வாதத்தை வென்றது. இன்று பிரான்சின் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை ஒட்டுக் கட்டிய கொடிகளே. பரிசுத் தொகை மட்டும் எவர் கைக்கும் போய்ச் சேரவில்லை!

கொடி பிழைத்தது, கலவை பிழைத்ததா? அங்கேதான் இழப்பு நேர்ந்தது. மறுபடியும் நட்டவர்கள் கடனாளிகள். விரைவில் காய்ப்பது எது, நிறையக் காய்ப்பது எது என்று பார்த்தே அவர்கள் நட்டனர். கார்மெனேரோ பூ நன்றாகப் பிடிக்காத இனம்; குளிர்ந்த ஈரமான இளவேனிலில் பூக்கள் உதிர்ந்து போகும். பழுப்பதும் காலந்தாழ்த்தியே. இலாபக் கணக்கில் அதற்கு இடமில்லை. வேண்டாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. வேண்டும் என்று கேட்பார் இல்லை, அவ்வளவே. போர்டோத் தேறலுக்கு உரிய இனங்களின் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருந்தது. வயலில் மட்டும் கொடி அரிதாயிற்று. ஆறு இனக் கலவை, ஆளறியாமல் ஐந்தாகவும் மூன்றாகவும் சுருங்கிற்று.

சிலி நாட்டில் மறைந்திருந்த செல்வம்

இனி, கடலுக்கு அப்பால் போவோம். பூச்சி வருவதற்கு முன்பே, 1850களில், தென்னமெரிக்காவின் சிலி நாட்டுச் செல்வர்கள் போர்டோவிலிருந்து கொடிக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்த் தங்கள் நிலத்தில் நட்டனர். ஒருபுறம் ஆந்திசு மலை, மறுபுறம் பெருங்கடல், வடக்கே பாலை, தெற்கே பனி. இத்தகைய அரண் கொண்ட அந்நாட்டின் தோட்டங்களைப் பைலோக்சரா அண்டவில்லை. பிறந்த வீட்டில் அருகிப்போன கார்மெனேர், புகுந்த வீட்டில் சொந்த வேரிலேயே செழித்து வளர்ந்தது.

ஆனால் பெயரை இழந்துவிட்டது. மெர்லோக் கொடிகளோடு கலந்து நின்றதால், அதையும் மெர்லோ என்றே அழைத்தனர். வயலில் வேலை செய்தோர்க்கு ஏதோ வேற்றுமை புலப்படாமல் இல்லை. இந்த மெர்லோ மற்ற மெர்லோவைவிடச் சில வாரம் பிந்திப் பழுக்கிறதே என்று கண்டனர். ஆயினும் இரண்டையும் ஒன்றாகவே பறித்தனர். ஒன்று பழம், மற்றொன்று காய். தேறலில் பச்சைக் காய் வாடை வீசிற்று. வட நாட்டிலே நம்மையும் கேரளத்தாரையும் ஆந்திரரையும் கன்னடரையும் ஒரே பெயரிட்டு ‘மதராசி’ என்று அழைத்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கார்மெனேரின் நிலையும் அதுவே!

1994ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், மான்பெலியேயிலிருந்து வந்திருந்த கொடியியல் அறிஞர் இழான் மிசேல் பூர்சிக்கோ, சாந்தியாகோ நகருக்கு அண்மையிலுள்ள ‘கார்மென்’ தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கொடியின் பூவைக் கூர்ந்து நோக்கினார். மகரந்தத் தாள்கள் நேராக நிற்காமல் முறுக்கிக் கிடந்தன. இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்று சொன்னார். 1998இல் சிலி அரசு அதைத் தனி இனமாக ஏற்றது. பெயர் கிடைத்த பிறகு பெருமை கிடைத்தது. தனியே பறித்தனர், நன்கு பழுக்க விட்டனர், பச்சை வாடை நீங்கிற்று. இன்று சிலி நாட்டின் அடையாளக் கொடியாகவே அது விளங்குகிறது.

வீடு திரும்பிய கொடி

பிரான் காந்தெனாக் தோட்டத்தை 1956இல் ஏற்றவர் லூசியன் லுர்த்தோன். அவ்வாண்டுப் பிப்ரவரியில் வீசிய கடும்பனியில் போர்டோவின் கொடிகள் ஏராளமாகக் கருகின. அந்த நெருக்கடியில் தோட்டத்தைக் கைவிடாது காத்தார். 1992இல் பொறுப்பு அவர் மகன் ஆன்றி லுர்த்தோனிடம் வந்தது. 2007இல் அவர் அத்தோட்டத்தின் ஒரு சிறு பகுதியில் கார்மெனேரை மறுபடியும் நட்டார். 2011ஆம் ஆண்டு விளைச்சலில் அதன் சாறு தோட்டத்தின் தலைமைத் தேறலோடு கலந்தது.

எவ்வளவு கலந்தது? மிகச் சிறிதளவே. கலத்தில் பெரும்பங்கு இன்றும் கேபர்னே சாவிஞானும் மெர்லோவுமே. இதை ஒரு மீட்சி என்று சொல்லலாமா என்று வினவுவோர் உண்டு. பழங்காலத் தேறல் சொந்த வேரில் நின்ற கொடியின் சாறு. இன்றையது ஒட்டுக் கட்டிய கொடியின் சாறு. அன்றைய வெயில் வேறு. உலகம் வெப்பமுற்றுவரும் இன்றைய வெயில் வேறு. பிந்திப் பழுக்கும் கார்மெனேருக்கு இந்த வெப்பமே ஒருவகையில் துணையாகிறது. ஆகவே, பாட்டன் குடித்த அதே தேறல் பேரன் கிண்ணத்தில் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அவ்வாறு சொல்லவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. மீட்பது என்றால் பழையதை அச்செடுத்தாற்போல் மறுபடி செய்வதன்று. இழந்த உறவைக் கூட்டத்திலே திரும்பச் சேர்ப்பது. குழம்பில் உப்பும் சிறிதளவுதான். அது இல்லாவிட்டால் தெரிகிறதல்லவா?

நமக்குச் சொல்லும் செய்தி

அன்பர்களே! இக்கதையை ஏன் இங்கே சொன்னேன்? தாய்நாட்டில் அருகிப்போன செல்வத்தைப் பெயர்ந்து போனவர்கள் காப்பாற்றிக் கொடுப்பதுண்டு என்பதை நாம் உணர வேண்டும். கொடிக்கு மட்டுமா இது? மொழிக்கும் பொருந்தும். சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மராத்திய நாட்டிலிருந்து புறப்பட்டு, நம் தஞ்சைக்குச் சென்று குடியேறியவர்களைப் பாருங்கள்.

சிவாசி மன்னரின் இளவல் ஏகோசி தஞ்சையைக் கைக்கொண்டது 1676ஆம் ஆண்டை ஒட்டி. அவர் மைந்தர் சாகசி 1684 முதல் 1712 வரை ஆண்டார். தமிழும் தெலுங்கும் முழங்கிய அந்த அரண்மனையில் மராத்தியிலும் நாடகம் இயற்றினார். மராட்டிய மேடையின் தொடக்கம் என்று 1843இல் சாங்கிலியில் விஷ்ணுதாசு பாவே நடத்திய நாடகத்தைச் சுட்டுவது வழக்கம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட மராத்தி நாடகங்கள் காவிரிக் கரையிலே இருந்தன! 1803இல் சரபோசி மன்னர் பெரிய கோயில் சுவரில் போன்சுலே குலவரலாற்றை நீண்ட மராத்திக் கல்வெட்டாகப் பொறித்தார். சரசுவதி மகாலில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட மராத்திச் சுவடிகள் இன்றும் உள்ளன. தஞ்சையில் வாழ்ந்து, தஞ்சை உணவை உண்டு, தமிழரோடு தமிழராய்க் கலந்தவர்கள் தம் மொழியைச் சுவடியிலும் கல்லிலும் வைத்துக் காத்தார்கள். அவர்கள் நம் நாட்டில் செய்ததை, அவர்கள் நாட்டில் வாழும் நாம் செய்யக்கூடாதா?

ஒட்டுக் கட்டிய கொடியை இங்குள்ள நாம் நன்கு அறிவோம். மஞ்சரியிலே 1997இல் தொடங்கிய தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நானூற்றுக்கு மேற்பட்ட கொடி வகைகளை அங்கே காத்து வருகிறார்கள். நாராயண்காவ், ஜுன்னர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால், டெக்சாசு நாட்டுக் காட்டுக் கொடியின் வழிவந்த டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியை நட்டு, அதன்மேல் பழக்கொடியை ஒட்டியிருப்பதைக் காணலாம். வறட்சியையும் உப்பு நீரையும் தாங்குவது வேர். பழத்தின் குணத்தைத் தருவது மேற்கொடி. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. அடி மண்டையிலிருந்து வேர்ச்செடியின் தளிர் கிளம்பினால் அதைக் கிள்ளிவிடுவார்கள். கவனியாமல் விட்டால் அத்தளிரே ஓங்கி வளரும். ஒட்டிய கொடி மெலிந்து மடியும்.

நம் பிள்ளைகளின் வேர் இந்த மண்ணில்தான் இறங்க வேண்டும். மராத்தியை அவர்கள் வீதியிலே கற்கட்டும், பிழையறக் கற்கட்டும். மகாகணபதி கோயில் வாசலில் பூ விற்கும் மூதாட்டியோடு அவர் மொழியிலேயே உரையாடட்டும். இந்தியும் ஆங்கிலமும் தொழிற்பேட்டையில் சோறு போடும் மொழிகள், அவற்றையும் கற்கட்டும். வேர் வலுத்தால் நமக்கு மகிழ்ச்சியே. நான் அஞ்சுவதெல்லாம், ஒட்டிய கொடி நம் கண் முன்னே மெலிந்து போவதைத்தான்.

பள்ளிப் படிவத்தில் தாய்மொழி என்னும் இடத்தில் ‘தமிழ்’ என்று நிரப்புகிறோம். அப்படிவத்திற்கு உரிய பிள்ளைக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரிகிறதா? பட்டியலில் பெயர் இருந்தும் வயலில் கொடியில்லாத கார்மெனேரின் நிலை இதுவன்றோ? தமிழை இக்குடியிருப்பில் யாரும் தடை செய்யவில்லை. வேண்டும் என்று கேட்காமல் விட்டால் போதும், அது தானே போய்விடும்.

ஆகவே மூன்று செயல்களை இவ்வாண்டுச் சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு. ஐந்து பிள்ளைகள் வந்தாலும் நடக்க வேண்டும். இரண்டாவது, ஒரு சொற்குறிப்பேடு. நம்மிடையே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர் உண்டு; நாஞ்சில் நாட்டவர் உண்டு; கொங்கு நாட்டவரும் வட ஆர்க்காட்டாரும் உண்டு. சமையலறையிலும் வயலிலும் நம் பாட்டிமார் வழங்கிய சொற்களுள் பல, இன்று அந்தந்த ஊரிலேயே அருகி வருகின்றன. விடுமுறைக்கு இங்கே வந்து தங்கும் முதியோரைக் கேட்டு, ஊர்ப் பெயரோடும் பொருளோடும் பிள்ளைகளைக் கொண்டே அவற்றை எழுதச் சொல்லுங்கள். நாளை ஊரார் நம்மிடம் வந்து கேட்கும் நாளும் வரலாம். மூன்றாவது, வீட்டில் இரவு உணவு வேளையில் தமிழ் மட்டுமே பேசுவது.

மூன்றும் சிறிய செயல்களே. ஒரு நாளின் இருபத்து நான்கு மணியில் தமிழுக்கு நாம் கேட்பது மிகச் சிறு பங்கு. லுர்த்தோன் தோட்டத்தில் கார்மெனேருக்குக் கிடைத்ததும் அவ்வளவே. ஆனால் அந்தச் சிறு பங்கை நட்டுவைக்க ஒருவர் முன்வர வேண்டியிருந்தது; நட்ட பிறகு கலத்தில் சேரும் வரை பொறுத்திருக்கவும் வேண்டியிருந்தது. இவ்வாண்டு நாம் நடுவோம். வரும் ஆண்டு விழாவில் இம்மேடையில் ஏறும் பிள்ளைகள், தாம் எழுதிய குறிப்பேட்டைத் தாமே தமிழில் படிக்கக் கேட்போம்.